கோச்சியில் கிடக்கும் வங்கக்கடல் சேறு

ஜூன் 3, திங்கள்: ஒகயாமாவிலிருந்து கோச்சிக்கு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது கேரளத்துக் கொச்சி இல்லை. ஜப்பானில் ஷிகோகு தீவின் தென்கரையில் இருக்கும் கோச்சி. டிக்கெட் போட்டுத் தந்தவருக்கு இந்த நெடில் கடைசிவரை பிடிபடவில்லை. ஒசாகாவுக்கு ஒரு டிக்கெட்டும் கேரளத்துக் கொச்சியின் விமான நிலையமான நெடும்பாசேரிக்கு ஒரு டிக்கெட்டும் அனுப்பிவிட்டு, "நடுவுல ஒரு நாள் கேப் விட்டிருக்கேன் சார், அலுப்பா இருக்காது" என்றார். கேன்சல் செய்ததில் போன பணத்தைப் பற்றி வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

ஒகயாமாவிலிருந்து ரயிலில் இரண்டரை மணி நேரம். ரயிலின் முகத்தில் ஒரு கார்ட்டூன் படம், பன் ரொட்டியைத் தலையாகக் கொண்ட ஒரு பொம்மை. பெட்டிக்குள் இருக்கை, கூரை எல்லாம் அதே பன் தலை. கடலுக்கு மேல் பெரிய பாலம், பிறகு சுரங்கம், சுரங்கம், இடையிடையே பச்சை நிற ஆறு ஓடும் பள்ளத்தாக்கு. ஓபொகே என்ற இடத்தில் மழை பிடித்துக்கொண்டது. பக்கத்து இருக்கைப் பெரியவர் ஆற்றைப் பார்ப்பதற்காகத் தன் ஜன்னலோர இடத்தை எனக்கு விட்டுக்கொடுத்தார். ஆறு தாண்டியதும் மறுபடி வாங்கிக்கொண்டார். அதுவும் சரிதான்.

எதற்குப் போகிறேன் என்று அம்மாவிடம் விளக்கியது நினைவுக்கு வந்தது. "கடலுக்கு அடியில் இருக்கிற சேற்றில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று பார்க்கப் போகிறேன்." அம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்: "ஏல, கடல்ல தண்ணி இருக்கான்னு பாக்கவா அம்புட்டு தூரம் போற?"

நான் தூத்துக்குடிக்காரன். ஒரு பொறியியல் கல்லூரியில் மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை. இருபது வருடமாகக் கட்டட அஸ்திவாரத்துக்காகக் கரிசல், களிமண், துறைமுகச் சேறு என்று பிசைந்துகொண்டிருக்கிறேன். ஆழ்கடல் சேற்றைத் தொட்டதில்லை.

இரவு ஸ்டேஷனருகே ஒரு உடான் நூடுல்ஸ் கடை. 650 யென். யென்னைப் பாதியாக்கினால் ஏறக்குறைய ரூபாய் என்று கணக்கு வைத்திருக்கிறேன். கிண்ணத்தை முகத்தருகே கொண்டுபோனதும் திடுக்கிட்டேன். எங்கள் வீட்டு மாசிச் சம்பல் வாசனை! மேலே தூவியிருந்த சீவல் சூடு பட்டு நெளிந்துகொண்டிருந்தது. இவர்கள் கத்சுவொபுஷி என்கிறார்கள். சூரை மீனை வேகவைத்துப் புகையில் காயவைத்து மரக்கட்டை போலாக்கியது. நம் மாசிக்கருவாட்டின் ஒன்றுவிட்ட தம்பி.

ஜூன் 4, செவ்வாய்: ஊர் பெயரே 'மன்னிக்கவும்'

ஆய்வு மையம் கோச்சி நகரத்தில் இல்லை, பக்கத்து நான்கோகுவில், விமான நிலையத்தை ஒட்டிய பல்கலைக்கழக வளாகத்தில். போக டிராம் ஏறவேண்டும். அந்த டிராமின் நெற்றியில் பெரிதாக 'கோமென்' என்று எழுதியிருக்கிறது. ஊரின் பெயர் அது. ஜப்பானிய மொழியில் அதே ஒலிக்கு 'மன்னிச்சுக்கோ' என்று பொருள். காலை வேளையில் ஒவ்வொரு டிராமாக வந்து மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போவதைப் பார்ப்பது தனி சுகம்.

கடைசி நிறுத்தத்தில் இறங்கிப் பேருந்தைத் தவறவிட்டேன், என் தவறுதான். நடந்தே போய்விடலாம் என்று கிளம்பினேன். இருபுறமும் இடுப்பளவு நெல். தாமிரபரணிப் பாசனத்தில் நடப்பது போலவே இருந்தது, மழை தொடங்கும்வரை. குடை ஓட்டலில். அரை கிலோமீட்டரில் ஒரு குட்டி வெள்ளை லாரி நின்றது. ஓட்டியவர் எழுபது வயதிருக்கும் விவசாயி. ஒன்றும் கேட்காமல் கதவைத் திறந்து ஒரு துண்டை நீட்டினார். வளாக வாசலில் இறக்கிவிட்டபோது பணம் கொடுக்கப் பார்த்தேன், இரண்டு கைகளையும் குறுக்கே வைத்து மறுத்தார். பையிலிருந்த தூத்துக்குடி மக்ரூன் பாக்கெட்டைக் கொடுத்தேன். அதை இரு கைகளாலும் வாங்கிக்கொண்டார். உள்ளே மக்ரூன் நமத்துப்போயிருக்கும் என்பது எனக்குத் தெரியும். இந்த ஊர்க் காற்றில் எதுவும் மொறுமொறுப்பாக இருக்காது.

இப்போது சேறு.

கடலடியைத் துளைத்து எடுத்த மண்தூண்களை உலகத்தில் மூன்று இடங்களில் பங்கிட்டு வைத்திருக்கிறார்கள்: ஜெர்மனியில் பிரேமன், அமெரிக்காவில் டெக்சஸ், இங்கே கோச்சி. அட்லாண்டிக் பிரேமனுக்கு, இந்தியப் பெருங்கடல் கோச்சிக்கு. அதனால்தான் நம் வங்கக்கடல் சேற்றைப் பார்க்க நான் ஜப்பான் வரவேண்டியிருக்கிறது. மொத்தம் நூறு கிலோமீட்டருக்கு மேல் தூண்கள், ஒன்றரை மீட்டர் துண்டுகளாக நறுக்கி, நெடுக்குவாட்டில் பிளந்து, ஒரு பாதி தொடக்கூடாதது, மறு பாதி ஆய்வுக்கு என்று நீளப் பெட்டிகளில். கிடங்கு 4 டிகிரி. அரைக்கைச் சட்டையோடு போன என்னைப் பார்த்து, கூட வந்த ஆய்வாளர் அம்மையார் ஒன்றும் சொல்லாமல் ஒரு கோட்டைக் கொண்டுவந்து தந்தார்.

354 என்று எண் போட்ட வரிசை முன் நின்றோம். 2015 பிப்ரவரி, மார்ச்சில் ஜாய்டிஸ் ரெசல்யூஷன் கப்பல் சிங்கப்பூரில் கிளம்பிக் கொழும்பில் முடித்த பயணம். வட அட்சம் 8 டிகிரிக் கோட்டில் ஏழு இடங்களில் துளைத்தார்கள். 8 டிகிரி! கன்னியாகுமரியில் கிழக்கே பார்த்து நின்று ஒரு கோடு இழுத்தால் இலங்கையைத் தாண்டி அந்தத் துளைகள்மேல் போய் விழும். அங்கே தண்ணீர் மட்டும் சுமார் மூன்றரை கிலோமீட்டர். அதற்குக் கீழே இமயமலை கிடக்கிறது. மலையாக இல்லை, கங்கையும் பிரம்மபுத்திராவும் அரைத்துக் கொண்டுவந்து கொட்டிய வண்டலாக. வங்காள விசிறி என்பார்கள். சுமார் 3,000 கிலோமீட்டர் நீளம், தடித்த இடத்தில் 16 கிலோமீட்டருக்கு மேல் கனம். உலகில் இதைவிடப் பெரிய கடலடி வண்டல் விசிறி இல்லை. 1972-இல் குளோமர் சேலஞ்சர் கப்பல் இதே இடத்தில் ஒரு துளை போட்டிருந்தது, 218 என்று பெயர். 2015-இல் அதற்கே திரும்பவும் போனார்கள்.

அம்மையார் ஒரு பெட்டியைத் திறந்தார். கரும்பச்சை கலந்த சாம்பல் நிறம். மணக்கவில்லை, குளிரில் மூக்கே வேலை செய்யவில்லை. அங்கங்கே வெள்ளை ஸ்பாஞ்சுத் துண்டுகள் செருகியிருந்தன. ஏற்கெனவே யாரோ மாதிரி எடுத்த பள்ளங்கள். நான் பார்த்தது வேறு. சேறு பிளாஸ்டிக் குழாயின் ஓரத்தைவிட்டு விலகி, நடுவே மயிரிழை வெடிப்பு விட்டிருந்தது. கோடையில் கண்மாய் வெடிப்பது போல.

"காய்ந்திருக்கிறதே" என்றேன்.

"ஒன்பது வருடம்" என்றார்.

எவ்வளவு மூடி வைத்தாலும், எவ்வளவு குளிரில் வைத்தாலும், தண்ணீர் போய்க்கொண்டேதான் இருக்கும். நான் ஊரில் போட்டுவந்த திட்டத்தின் முதல் வரியே 'ஈரப்பதம் அளத்தல்'. வெளியே வந்ததும் மூக்குக்கண்ணாடி முழுக்க ஆவி படிந்து ஒன்றும் தெரியவில்லை. அதுவும் நல்லதுக்குத்தான், என் முகத்தை யாரும் பார்க்கவேண்டாம்.

ஜூன் 5, புதன்: அறுபதா, நூற்றைம்பதா

காலையில் அம்மையாரோடு ஒரு சண்டை. சண்டை என்றால் சிரித்துக்கொண்டே போட்டது. கப்பல் பதிவேட்டில் ஒரு எண்ணைக் காட்டி, "மேலடுக்கில் நீர் இவ்வளவு சதவீதம்" என்றார். நான் மனதுக்குள் போட்ட கணக்கோடு ஒட்டவே இல்லை. அரை மணி நேரம் கழித்துத்தான் புரிந்தது. அவர் புவியியல்காரர், நான் சிவில்காரன். 100 கிராம் சேற்றில் 60 கிராம் தண்ணீர் என்றால் அவர் ஈர எடையால் வகுத்து 60 சதவீதம் என்பார். நாங்கள் உலர்ந்த மண்ணின் எடையால் வகுப்போம். 60-ஐ 40-ஆல் வகுத்தால் 150 சதவீதம். நூறுக்கு மேலே சதவீதமா என்று கேட்பவர்கள் ஒருமுறை கடலடிச் சேற்றைத் தொட்டுப் பார்க்கட்டும். கப்பல் பதிவேட்டில் இரண்டு கணக்கும் பக்கத்துப் பக்கத்துப் பத்தியில் இருந்தன. நாங்கள் ஆளுக்கொரு பத்தியைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

ஆழ்கடல் தரையில் மேலாக இருக்கும் களிமண்ணில் பருமனளவில் எண்பது சதவீதம்வரை வெறும் துளை, அத்தனையிலும் கடல்நீர். அதை மண் என்று சொல்வதைவிடக் கொஞ்சம் கெட்டியான கடல் என்று சொல்லலாம். ஒலியை விட்டுப் பார்த்தால் இன்னும் வேடிக்கை. கடல்நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் ஓடும். சேற்றுக்குள் வேகம் கூடும் என்றுதானே நினைப்போம்? மேல் சேற்றில் சற்றுக் குறைகிறது. அமுக்கினால் தண்ணீரைப் போலவே அமுங்குகிறது, ஆனால் எடை தண்ணீரைவிடக் கூடுதல். கனத்தை மட்டும் சுமந்துகொண்டு ஓடினால் வேகம் எங்கே வரும். ஆழம் போகப்போக மேலே இருக்கும் வண்டலின் பாரம் நீரைப் பிழிந்துவிடும். சில நூறு மீட்டர் கீழே துளைப்பங்கு பாதியாகிவிடும். அந்தப் பாரத்தை விட்டு மேலே தூக்கினால் சேறு மூச்சு விட்டு உப்புகிறது. ஒன்பதரை மீட்டர் துளைத்த குழாயில் அதைவிட நீளமான தூண் வருவது சகஜமாம்.

அதனால் கப்பலிலேயே அளந்துவிடுகிறார்கள். முதலில் தூணை முழுதாகவே ஒரு கருவிக்குள் தள்ளி, கதிரியக்கச் சீசியத்திலிருந்து வரும் காமா கதிர் எவ்வளவு கடக்கிறது என்று பார்த்து அடர்த்தியைக் கணிப்பது. பிறகு பிளந்து, பத்து சிசி அளவு எடுத்து எடை. ஆடுகிற கப்பலில் எப்படி எடைபோடுவது? இரண்டு தராசு பக்கத்தில் பக்கத்தில். ஒன்றில் சேறு, இன்னொன்றில் எடை தெரிந்த கட்டி. அலை இரண்டையும் ஒரே மாதிரி ஆட்டுகிறது, ஒன்றை ஒன்றால் கழித்துக்கொள்ளலாம். நான் கல்லூரியில் மின்விசிறியை அணைக்காமல் எடைபோடும் பையன்களைத் திட்டிக்கொண்டிருந்தவன்.

அப்புறம் 105 டிகிரி அடுப்பில் 24 மணி நேரம். இதுவரை நம்ம ஊர் முறைதான். ஆனால் நாங்கள் கவனிக்காமல் விடும் ஒன்றை இவர்கள் விடுவதில்லை: நீர் போகும், உப்பு போகாது. உப்பளத்து ஊர்க்காரனுக்கு இதைச் சொல்லித்தரவேண்டுமா! கடல்நீரில் நூற்றுக்கு மூன்றரைப் பங்கு உப்பு. அது தட்டிலேயே தங்கி மண்ணின் எடையில் ஒளிந்துகொள்ளும். போன நீரின் எடையை 0.965-ஆல் வகுத்தால்தான் உண்மையில் அங்கே இருந்த கடல்நீரின் எடை. மண் மணிகளின் பருமனுக்கு ஹீலியம் வாயு. தண்ணீர் நுழையாத இடுக்கிலும் அது நுழையும்.

உப்பைப் பற்றி இவ்வளவு பெருமையாக எழுதிவிட்டேனா, இனி இன்றைய அவமானம். ஈரப்பதம் போனாலும் பிசைந்து பார்க்கும் சோதனைகளைச் செய்யலாம், எந்த ஈரத்தில் சேறு கூழாகிறது என்ற திரவ எல்லைச் சோதனை போன்றவை. எனக்கு ஒதுக்கிய மாதிரிகள் ஒவ்வொன்றும் 30 சிசி. கருமி வீட்டுப் பந்தியில் பாயசம் மாதிரி. முதல் மாதிரியைக் கிண்ணத்தில் போட்டேன், இருபது வருடப் பழக்கம், கை தானாகப் போய், காய்ச்சி வடித்த உப்பில்லாத நீர்ப் பாட்டிலை எடுத்து ஊற்றிவிட்டது. கடலடிச் சேற்றை உப்பு நீரில்தான் பிசையவேண்டும். உப்பின் அளவு மாறினால் களிமண் துகள்கள் ஒன்றையொன்று பிடிக்கும் விதமே மாறும், எல்லையும் மாறும். கரிசலில் இருக்கும் ஸ்மெக்டைட் என்ற, நீர் பட்டால் உப்பும் களிமண் வகை இதிலும் கொஞ்சம் இருக்கிறது, தீபகற்பத்து ஆறுகளும் கங்கைச் சமவெளியும் கொண்டுவந்தது. அதற்கு இந்த ரோஷம் அதிகம்.

அம்மையார் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. லேபிளில் 'பயன்படாது' என்று எழுதினார், கிண்ணத்தைத் தானே எடுத்துக்கொண்டு போனார். திட்டியிருந்தால் பரவாயில்லை.

ஜூன் 6, வியாழன்

நாள் முழுக்க மழை. உப்பு நீர் கரைத்து, மீதி மாதிரிகளைப் பிசைந்தேன். மதியம் கடையில் வாங்கிய சோற்று உருண்டை, 150 யென், உள்ளே ஊறுகாய் பிளம். புளிப்பு கண்ணைப் பிடுங்கியது. எலுமிச்சை ஊறுகாய்க்கு ஏங்கினேன்.

காய்ந்து கெட்டியாக இருந்த சேறு உப்பு நீர் சேர்ந்ததும் விரலுக்கடியில் நழுவத் தொடங்கிய அந்த நிமிஷம் நன்றாக இருந்தது. துளைத்த புதிதில் இப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் அது என் கற்பனை. மணிகளின் பழைய அடுக்கு போனது போனதுதான், நான் ஊற்றும் நீர் அதைத் திருப்பித் தராது. ஒரு மாதிரியை அடுப்பில் வைத்து ஈரப்பதமும் பார்த்தேன், வெறும் ஆசைக்கு. கப்பல் எண்ணைவிட நன்றாகவே குறைவு. எதிர்பார்த்ததுதான்.

ஜூன் 7, வெள்ளி: கோபுரமும் சூரையும்

வேலை சீக்கிரம் முடிந்தது. மழையும் விட்டிருந்தது. வளாகத்திலிருந்து கடல் பக்கம் நடந்தேன். வயலுக்கு நடுவே, காரணமே இல்லாமல் நிற்பது போல, சுவரில்லாத ஒரு கான்கிரீட் கோபுரம். சுனாமி வந்தால் ஏறி நிற்க. சாய்தளமும் படிகளும் மட்டும், பூட்டு கிடையாது. மேலே ஏறினால் ஒரு பக்கம் ஓடுபாதை, ஒரு பக்கம் கண்ணாடி வீட்டுத் தோட்டங்கள், எதிரே பசிபிக்.

1946 டிசம்பர் 21-இல் இந்தக் கடலடியில் நான்காய் நிலநடுக்கம் வந்தது. கோச்சி நகரின் ஒரு பகுதி தாழ்ந்து தண்ணீரில் நின்றது. அடுத்தது வரும் என்று எல்லோரும் தயாராக இருக்கிறார்கள். இதிலும் சேற்றுத் தண்ணீருக்குப் பங்கு உண்டு. பிலிப்பைன் கடல் தட்டு என்ற பூமியோட்டுத் துண்டு ஜப்பானுக்கு அடியில் நுழையும்போது முதுகில் இருக்கும் ஈரச் சேற்றையும் இழுத்துக்கொண்டு போகிறது. பாரம் ஏறினால் நீர் வெளியேறவேண்டும். வெளியேற வழியில்லாமல் சிக்கினால் நீரே பாரத்தைத் தாங்கத் தொடங்கிவிடும், இரண்டு பாறைகளுக்கு நடுவே வழுக்கும். ஸ்மெக்டைட் களிமண் சூடேறி 'இல்லைட்' என்ற வேறொரு களிமண்ணாக மாறும்போது தன் அடுக்குகளுக்குள் வைத்திருந்த நீரையும் கக்கும். இந்தக் கடலில்தான் சிக்யூ என்ற ஜப்பானியக் கப்பல் 2007-இலிருந்து பல வருடம் துளைத்தது, ஒரு இடத்தில் கடல்தரைக்குக் கீழே மூன்று கிலோமீட்டருக்கு மேல்.

கோபுரத்தில் ஒரு பாட்டி நடைப்பயிற்சிக்கு ஏறிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து வணங்கிவிட்டு, கடலைக் காட்டி, கையைத் தன் தலைக்கு மேல் எவ்வளவு தூக்க முடியுமோ அவ்வளவு தூக்கிக் காட்டினார். நான் 2004 என்று விரலால் எழுதிக்காட்டி, 'இந்தியா' என்றேன். தலையை மெல்ல ஆட்டினார். அதற்கு மேல் இருவருக்கும் மொழி இல்லை.

இரவு ஹிரோமே சந்தை. பெரிய கொட்டகை, நீள மேசைகள், சுற்றிலும் கடைகள், இடம் கிடைத்த இடத்தில் உட்காரவேண்டியதுதான். கண் முன்னால் வைக்கோலை மூட்டி, ஆள் உயரத் தீயில் சூரைத் துண்டத்தைக் காட்டி எடுக்கிறார்கள். மேலே கருகல், உள்ளே பச்சை. கல்லுப்பு, பச்சைப் பூண்டுச் சீவல். சோறும் சூப்பும் சேர்த்து 1,400 யென். எங்கள் ஊரில் சூரையைப் புளி போட்டு வதக்காமல் வாயில் வைக்கமாட்டார்கள். முதல் துண்டை யோசித்து யோசித்துத் தின்றேன், மீதி ஏழு துண்டு எப்படிப் போனது தெரியவில்லை.

எதிரே உட்கார்ந்த அலுவலகக் கூட்டம் என்ன வேலை என்று கேட்டது. செல்போன் மொழிபெயர்த்துச் சொன்னது. அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "சேறு?" "ஆமாம், சேறு." ஒருவர் எழுந்து போய் எனக்கும் சேர்த்து ஒரு தட்டு சூரை வாங்கிவந்தார். பரிதாபப்பட்டிருக்கவேண்டும்.

ஜூன் 9, ஞாயிறு: சந்தை, பெட்டி கட்டுதல்

நேற்று மாலைவரை தூங்கினேன், அதுவரை எழுத ஒன்றுமில்லை.

ஞாயிற்றுச் சந்தை கோட்டை வாசலிலிருந்து நீள்கிறது. முந்நூறு வருடத்துக்கு மேலாக நடக்கிறதாம். இஞ்சி, தக்காளி, அரிவாள், செடி, பழைய கிண்ணம். சர்க்கரைவள்ளிக்கிழங்கு பஜ்ஜிக்கு மட்டும் நீண்ட வரிசை, மாவில் லேசான இனிப்பு. மீனே இல்லாத ஒரு சுஷி கிடைத்தது: மூங்கில் குருத்து, காளான், கொன்யாக்கு என்று காய்களை வைத்து, எலுமிச்சை போன்ற யூசு சாறு விட்ட சோறு. சைவக்காரர்கள் குறித்துக்கொள்ளவும்.

மாசிக்கட்டை விற்ற அம்மா இரண்டு கட்டைகளை எடுத்து ஒன்றோடொன்று தட்டிக் காட்டினார். 'டிங்' என்று கேட்டது. ஈரம் இருந்தால் 'டொக்' என்று கேட்குமாம். என் அடுப்பு, தராசு, 24 மணி நேரம் எல்லாவற்றையும் நினைத்துச் சிரிப்பு வந்தது. ஒன்று வாங்கினேன்.

போனில் அம்மா: "தண்ணி இருந்துச்சால?"

"இருந்துச்சும்மா. இப்ப கொஞ்சம் போயிருச்சு."

"அதான பாத்தேன்."

நேற்று மாலை வளாகத்தில் போய் விடைபெற்றபோது ஆய்வாளர் அம்மையார் ஒரு சின்ன உறையைத் தந்தார். நான் கெடுத்த மாதிரிக்கு ஈடாக அதே இடத்தின் பக்கத்திலிருந்து இன்னொரு 30 சிசி. இதற்கு அவர் முறைப்படி விண்ணப்பம் எழுதி அனுமதி வாங்கியிருக்கிறார், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல். லேபிளில் அவர் கையெழுத்தில் கடைசியாக ஒரு வரி: 'உப்பு நீர்'.

இரவு பெட்டி கட்டினேன். சேற்றை ஈரம் வெளியே போகாதபடி இரண்டு பைக்குள் போட்டுக் காற்றை உறிஞ்சி ஒட்டினேன். மாசியை ஈரம் உள்ளே வராதபடி இன்னொரு பைக்குள் போட்டு, அதே மாதிரி ஒட்டினேன். இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருந்ததால் மாசிப் பையின்மேல் பேனாவால் 'அம்மா' என்று எழுதிவைத்தேன்.